யார் சிலுவையை யார் சுமப்பது?

கேள்வி, பிப்ரவரி 9

"கிறிஸ்தவ நம்பிக்கையைப் பேசும் நாவல்களாகத் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வருகிறது. ஒருவர் அநியாயமாகக் கஷ்டப்படுகிறார், வாயைத் திறக்காமல் தாங்கிக்கொள்கிறார், கடைசியில் சாகிறார், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நிஜத்திலும் இதையே சொல்லித்தான் சபைகளில் ஆட்களை அடக்கி வைக்கிறார்கள். கஷ்டப்படுகிறவனைக் கஷ்டத்திலேயே வைத்திருக்க இதைவிட வசதியான தத்துவம் உண்டா?"

பிப்ரவரி 9, இரவு

பாதிதான் ஒத்துக்கொள்வேன். அடக்கி வைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன். ஆனால் "வாயைத் திறக்காமல்" என்பது எங்கிருந்து வந்தது?

யோபுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தில் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள்: இழந்தான், பொறுத்தான், இரட்டிப்பாகப் பெற்றான். நடுவில் அந்த மனிதர் போடும் கூச்சல் யார் காதிலும் விழுவதில்லை. பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். நண்பர்கள் மூவரும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை உருப்படியாகத்தான் இருந்தார்கள். கடவுளுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 42ஆம் அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வருவதும் அந்த வக்கீல்கள் மேல்தான். சண்டை போட்ட யோபு சரியாகப் பேசினான் என்று சொல்லிவிடுகிறார்.

88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருட்டில் முடிகிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே முதலில் கேட்டது, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடாதா என்றுதான். மௌனமாகத் தாங்குவதுதான் கிறிஸ்தவப் பண்பு என்றால் இவை ஏன் வேதத்தில் இருக்கின்றன?

பிப்ரவரி 10

"வேதபாடம் போதும், நாவலுக்கு வா" என்கிறார் ஒருவர். சரி, வருகிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்களில் எல்லோரும் நிற்கும் இடம் அந்தச் சகோதரர்களில் ஒருவனான இவானின் பேச்சு. குழந்தைகள் படும் சித்திரவதைகளை அடுக்கிவிட்டு, கடைசியில் எல்லாக் கணக்கும் நேராகும் என்றாலும் எனக்கு அது வேண்டாம், நுழைவுச் சீட்டை மரியாதையாகத் திருப்பித் தருகிறேன் என்பான். அதற்குப் பதில் என்ன என்று ஊர்ப்பட்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

நான் திரும்பிப் போவது அதற்கு வெகுமுன்னால் வரும் ஒரு சின்ன இடத்துக்கு. மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருக்கையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், மடத்துப் பெரியவர் சோசிமாவிடம் வருகிறாள். அவர் முதலில் வழக்கமான ஆறுதலைச் சொல்கிறார்: உன் பிள்ளை தேவதூதர்களோடு இருக்கிறான். அவளோ, என் புருஷனும் இதையேதான் சொன்னார், ஆனாலும் பிள்ளை இல்லையே என்கிறாள். அங்கே பெரியவர் அந்தப் பேச்சைக் கைவிட்டுவிடுகிறார். ஆறுதலடைய வேண்டாம் அம்மா, அழு என்கிறார்.

இதை எழுதியவரின் மகன் அல்யோஷா 1878 மே மாதம் வலிப்பு வந்து செத்துப்போனான். மூன்று வயது ஆகவில்லை. வலிப்பு தகப்பனிடமிருந்து வந்தது. அந்தத் துக்கத்தோடுதான் அவர் ஆப்டினா மடத்துக்குப் போய்ப் பெரியவர் அம்புரோசைப் பார்த்தார். நாவலில் அந்தத் தாய் இழந்த பிள்ளையின் பெயரும் அலெக்சேய், அல்யோஷா என்பது அதன் செல்லப் பெயர். இவானுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரால் இந்தப் பகுதியை எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

பிப்ரவரி 14

நிஜ மனிதர்களுக்கு வருவோம். தியாகம் என்றதும் பெரும்பாலானவர்கள் சொல்லும் பெயர் மொலகாய் தீவின் டேமியன் பாதிரியார். ஹவாய் அரசு 1865இல் சட்டம் போட்டுத் தொழுநோயாளிகளைப் பிரித்து அந்தத் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பத் தொடங்கியது. 1873இல் டேமியன் அங்கே போனார், வயது 33. அவருக்கும் நோய் தொற்றி, 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 2009இல் புனிதர் பட்டம்.

நம் மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது தொற்றிய இடத்துக்குத்தான் குரல் தழுதழுக்கும். நடுவில் இருக்கும் பதினாறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள். அந்த ஆண்டுகளில் அவர் செய்தது வீடு கட்டுவது, தண்ணீர்க் குழாய் போடுவது, சவப்பெட்டி செய்வது, குழி வெட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அதிகாரிகளிடம் மரத்துக்கும் துணிக்கும் சண்டை பிடிப்பது. கஷ்டப்பட வேண்டும் என்று அவர் போகவில்லை. அங்கே வேலை இருந்தது, போனார்.

அவர் செத்த பிறகு ஹொனலூலுவிலிருந்த ஒரு புரொட்டஸ்டன்ட் போதகர், அந்த ஆள் அழுக்கு, பிடிவாதக்காரன் என்றெல்லாம் ஒரு கடிதம் எழுதினார். அது அச்சாகிவிட்டது. நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அந்தக் குடியிருப்புக்கே போய் வந்தவர். 1890இல் போட்டார் பாருங்கள் ஒரு பகிரங்கக் கடிதம்! அதில் எனக்குப் பிடித்தது அவர் டேமியனை வெள்ளையடிக்கவில்லை என்பதுதான். குறைகளில் பலவற்றை ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, நீங்கள் சௌகரியமான வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் அங்கே இருந்தார் என்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்த ஆள். மரியான் கோப், பிரான்சிஸ்கன் சபைச் சகோதரி. அமெரிக்காவில் மருத்துவமனை நிர்வாகம் பார்த்தவர். 1883இல் ஹவாய்க்கு வந்தார், 1888இல் மொலகாய்க்கு. தன்னோடு வந்த சகோதரிகளில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று வாக்குக் கொடுத்தார். கை கழுவுவதிலும் சுத்தத்திலும் கண்டிப்பு. வாக்குப் பலித்தது, அவர்களில் எவருக்கும் தொற்றவில்லை. 1918இல் 80 வயதில் இயற்கையாக இறந்தார். 2012இல் இவருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது.

எத்தனை பிரசங்கத்தில் இவர் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? முப்பது ஆண்டுகள் அதே தீவில் அதே நோயாளிகளோடு இருந்தவர். நோய் வரவில்லை, அதனால் கதை இல்லை. கேள்வி கேட்ட நண்பரின் கோபத்துக்கு இங்கேதான் நியாயம் இருக்கிறது. நாம் அன்பை அளப்பதற்குக் காயத்தை எண்ணுகிறோம்.

(ஸ்டீவன்சன் விதிவிலக்கு. மரியானுக்கும் ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார்.)

பிப்ரவரி 15

ஒரு துணைக்குறிப்பு. 19ஆம் நூற்றாண்டு நாவலில் நல்ல பெண் ஒருத்தி இரண்டு தடவை இருமினால் அவள் கதை முடிந்தது. மூன்றாவது இருமலில் கைக்குட்டையில் இரத்தம், நாலாவதில் எல்லோரையும் மன்னித்துவிடுவாள். கெட்டவர்களுக்குச் சளியே பிடிப்பதில்லை.

பிப்ரவரி 18

முதல் நாள் "பிறகு சொல்கிறேன்" என்றேன் அல்லவா, அது இது.

என் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொண்டது சித்தி. கடைசிப் பெண், கல்யாணம் ஆகவில்லை, "உனக்கென்ன குடும்பமா குட்டியா" என்று எல்லோருக்கும் சுலபமாகப் போயிற்று. வேலையை விட்டார். பாட்டியைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, குழம்பிப்போன பேச்சைப் புரிந்துகொள்வது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்காருவது எல்லாம் அவர்தான். இது ஆண்டுக்கணக்கில் போயிற்று.

ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கத்துக்கு நடுவே சித்தியைச் சுட்டிக்காட்டி, தியாகத்துக்கு ஜீவனுள்ள சாட்சி நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என் மாமாக்கள் இரண்டு பேரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். இருவரில் ஒருவர்கூட ஒரு ராத்திரி தாய்க்குப் பக்கத்தில் படுத்தது கிடையாது. சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "பாராட்டுறதுக்குப் பதிலா யாராவது ஒரு ராத்திரி வந்து உக்காந்திருந்தா நான் தூங்கியிருப்பேன்."

இதோடு அந்த நிரந்தர வசனமும் உண்டு: தாங்க முடியாத பாரத்தைக் கர்த்தர் தரமாட்டார். வருகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு, ஜெபித்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

பிப்ரவரி 19

"அது வேதத்தில் இருக்கிறதே, அதை எப்படிக் கிண்டல் செய்யலாம்?" என்று கோபமாக ஒரு பதில் வந்தது. மேலே வேதபாடம் போதும் என்றவர் மன்னிக்கவும்.

ஜனங்கள் மனதில் வைத்துச் சொல்லும் வசனம் 1 கொரிந்தியர் 10:13. அதற்கு முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே பேசிக்கொண்டிருப்பது விக்கிரக ஆராதனையிலும் பாவத்திலும் விழாமல் தப்பிப்பதைப் பற்றி. பக்கவாதத்தைப் பற்றியோ படுக்கைப்புண்ணைப் பற்றியோ இல்லை. பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தில், முதல் அதிகாரத்திலேயே பேசுகிறார். ஆசியாவில் எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தாங்க முடியாத பாரம் வருமா என்றால், பவுலுக்கே வந்திருக்கிறது.

இன்னொரு இடம் மத்தேயு 23:4. சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மற்றவர்கள் தோளில் ஏற்றிவிட்டு, ஒரு விரலாலும் அதைத் தொடாதவர்களைப் பற்றி இயேசு சொல்வது. என் மாமாக்கள் உட்கார்ந்திருந்த சபையில் இந்த வசனத்தின்மேல் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

பிப்ரவரி 25

"தானாக ஏற்றுக்கொண்டால் தியாகம், மேலே ஏற்றிவிட்டால் கொடுமை, இவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு நீளம்?" என்கிறார் ஒருவர். நானும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரசங்கி ஜான் பனியன் குறுக்கே வந்துவிட்டார்.

நம் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு (1894) மூலம் பனியனின் மோட்சப் பயணம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பனியன் அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660இல் பெட்ஃபோர்டு சிறையில் அடைத்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தார். தானாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

சரி, வீட்டில் யார் இருந்தார்கள்? மூத்த தாரத்தின் நாலு குழந்தைகள், அதில் மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. இரண்டாவது மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கைது செய்தி கேட்ட அதிர்ச்சியில் எட்டு நாள் பிரசவ வேதனைப்பட்டுப் பெற்ற பிள்ளை செத்துப்போயிற்று. 1661இல் நீதிபதிகள் முன்னால் நின்று புருஷனுக்காக வாதாடியதும் அந்தப் பெண்தான். பனியன் சிறையில் வார் நாடா பின்னி விற்று வீட்டுக்கு அனுப்பினார். அது எத்தனை வயிற்றுக்குக் காணும்?

தானாக ஏற்றுக்கொண்ட தியாகத்துக்கும் வேறு யாரோதான் பாதி விலை கொடுக்கிறார்கள். பனியனுக்கு இது தெரிந்திருந்தது. 1666இல் வந்த தன்வரலாற்றில், மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்தது என்றும், அதிலும் அந்தக் கண் தெரியாத பிள்ளையை நினைத்தால் மனம் உடைகிறது என்றும் எழுதினார்.

இன்னொன்று கவனியுங்கள். 1678இல் வந்த மோட்சப் பயணத்தின் முதல் பாகத்தில் கதாநாயகன் கிறிஸ்தியான், மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1684இல் இரண்டாம் பாகம் எழுதுகிறார். அதில் கிளம்புவது அந்த மனைவி, பிள்ளைகளோடு. விட்டுப் போனவர்களுக்கும் ஒரு கதை உண்டு என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

பிப்ரவரி 26

அதே கேள்வியை ஆபிரகாமிடமும் கேட்கலாம். கடவுள் கேட்டார் என்று மகன் ஈசாக்கைப் பலியிட அவர் ஏறிய மோரியா மலையைப் பற்றி எத்தனை தத்துவப் புத்தகங்கள்! விறகைச் சுமந்தது ஈசாக்கு. தாய் சாராளிடம் யாரும் கேட்டதாக இல்லை. நியாயாதிபதிகள் 11இல் யெப்தா வாய்தவறிப் பண்ணிய பொருத்தனைக்கு மகள் செத்தாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட எழுதப்படவில்லை. ஈசாக்குக்கு வந்ததுபோல் தடுக்கத் தேவதூதனும் வரவில்லை.

மார்ச் 2

கோல்பேயைக் கேட்டிருந்தார்கள். தெரிந்த கதைதான், சுருக்கமாக. 1941 ஜூலை கடைசியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதாகச் சொல்லிப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக் என்பவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே பாதிரியார் முன்னால் வந்து அவர் இடத்தில் நான் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 14 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். 1982இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது கயோவ்னிச்செக் அங்கே இருந்தார். 1995 வரை வாழ்ந்தார்.

மேடைகளில் சொல்லாமல் விடும் பகுதி: அவர் முகாமிலிருந்து திரும்பியபோது மனைவி இருந்தாள். எந்தப் பிள்ளைகளுக்காகக் கதறினாரோ அந்த மகன்கள் இரண்டு பேரும் போரில் செத்துப்போயிருந்தார்கள்.

இதனால் கோல்பே செய்தது வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நாவலாசிரியர் யாராவது இதை எழுதினால் மகன்களை உயிரோடு வைத்திருப்பார், அப்போதுதான் கணக்கு சரியாகும். கோல்பே கணக்குப் பார்த்துப் போனவர் இல்லை.

மார்ச் 4

ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் மௌனம் (1966) நாவலைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு: பேசாமல் இருக்க முடியாது. கேள்வி கேட்ட நண்பர் அதை வாசித்திருந்தால் "ஒரே கதை" என்று சொல்லியிருக்க மாட்டார்.

17ஆம் நூற்றாண்டு ஜப்பான். மறைந்து வாழும் கிறிஸ்தவர்களைத் தேடிப்போன ரொட்ரிகஸ் பாதிரியார் மாட்டிக்கொள்கிறார். இரத்தசாட்சியாகச் சாக அவர் தயார், கொஞ்சம் ஆசைகூட இருக்கிறது. ராத்திரி அறைக்குள் ஒரு சத்தம் கேட்கிறது, காவலாளியின் குறட்டை என்று எரிச்சல்படுகிறார். அது குறட்டை இல்லை, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட குடியானவர்களின் முனகல். அவர்கள் ஏற்கெனவே விசுவாசத்தை மறுதலித்துவிட்டார்கள், ஆனால் நீ மறுதலிக்கும்வரை அவர்களைக் கீழே இறக்கிவிட மாட்டோம் என்கிறார்கள் அதிகாரிகள். கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்க வேண்டும். மிதிக்கிறார்.

இதற்கு முன்னோடிகள் நிஜத்தில் இருந்தவர்கள். கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா என்ற பாதிரியார் 1633இல் அந்தக் குழிச் சித்திரவதையில் ஐந்து மணி நேரம் கழித்து மறுதலித்தார். ரொட்ரிகஸுக்கு மாதிரியாக இருந்த ஜுசெப்பே கியாரா, மறுதலித்த பிறகு 1685இல் சாகும்வரை எடோவில் (இன்றைய டோக்கியோ) காவலில் இருந்தார்.

எண்டோவின் கேள்வி என் மாமாக்கள் வரைக்கும் வருகிறது. உன் விசுவாசத்தின் அழகுக்காக இன்னொருவர் தொங்கிக்கொண்டிருந்தால் நீ என்ன செய்வாய்? பலர் இந்த நாவலைத் துரோகத்துக்கு வக்காலத்து என்கிறார்கள். நான் மூன்று தடவை மனதை மாற்றிக்கொண்டேன், இன்னும் நிலைக்கவில்லை. குழிக்குள் இருந்தவர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நாவலில் இல்லை. அது ஒரு குறைதான்.

மார்ச் 8

சித்தி இதையெல்லாம் வாசித்துவிட்டார். யார் அனுப்பினார்கள் என்று தெரியும், பேசிக்கொள்கிறேன்.

"நீ என்னைப் பலியாடு மாதிரி எழுதியிருக்கே" என்றார். "முதல்ல நானாத்தான் போனேன். அம்மாவை வேற யார் கையிலயும் விட எனக்கு மனசில்ல. அதுக்கப்புறம் யாருமே என்னைக் கேக்கல, அதுதான் வருத்தம்."

பிப்ரவரி 25இல் பேசிய அந்த எல்லைக்கோட்டை, ஏற்றுக்கொண்டதுக்கும் ஏற்றிவிட்டதுக்கும் நடுவில் இருப்பதாக நினைத்ததை, இது கலைத்துவிடுகிறது. ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே கட்டில். ஆரம்பத்தில் அன்பாக இருந்தது எந்த மாதத்தில் தண்டனையாக மாறியது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை "சரி" என்றவரிடம் அந்தச் "சரி"யை ஆயுளுக்கும் எழுதி வாங்கிக்கொண்டோம். பனியனிடமாவது அடிக்கடி வந்து கேட்டார்கள், இப்போது விட்டுவிடுகிறாயா என்று. எதிரிகள்தான் கேட்டார்கள். சித்தியிடம் சொந்தக்காரர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

மாமாக்களைப் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு சரி என்றும் சொன்னார்.

மார்ச் 9

சி. எஸ். லூயிஸ் பரிந்துரைத்தவருக்கு: எந்த லூயிஸ்? 1940இல் வலியின் பிரச்சினைக்கு அழகாக விடை எழுதியவரா, 1960இல் மனைவி ஜாய் இறந்த பிறகு நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியவரா? இரண்டாவதை 1961இல் புனைபெயரில் வெளியிட்டார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கடவுளிடமிருந்து கேட்கிறது என்று எழுதும் அந்த லூயிஸ் என்றால் வாசிக்கிறேன்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சீமோன் வெய்யைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சாதாரணக் கஷ்டம் வேறு, மனிதனை மனிதனாகவே இல்லாமல் நசுக்கிவிடும் கேடு வேறு என்று அவர் பிரித்ததைப் போல யாரும் எழுதவில்லை. ஆலையில் கூலி வேலை செய்து பார்த்துவிட்டு எழுதியவர், சும்மா சொல்லவில்லை. ஆனால் 1943இல் இங்கிலாந்தில் காசநோயோடு படுத்திருந்தபோது, பிரான்சில் ஜனங்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மேல் சாப்பிட மாட்டேன் என்று 34 வயதில் செத்தார். அவர் சாப்பிடாத உணவு பிரான்சில் யார் வயிற்றுக்கும் போகவில்லை. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற வசனம் தன் உடம்புக்கும் பொருந்தும் என்று அவரிடம் யாராவது சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 16

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார்: "அப்படியானால் கடைசியில் யாரும் சாகாத கிறிஸ்தவ நாவல் எழுத வேண்டும் என்கிறாயா?"

சாகட்டும். மிச்சமிருப்பவர்களையும் எழுதுங்கள் என்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 ஜூலை 17 அன்று பாரிசில் கொம்பியேன் கார்மேல் கன்னியர் மடத்தைச் சேர்ந்த 16 பேரைக் கில்லட்டினில் வெட்டினார்கள். பாடிக்கொண்டே ஏறினார்கள், இளையவள் முதலில், மடத்துத் தலைவி கடைசியில். பத்துப் பன்னிரண்டு நாளில் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியரே அதே கத்திக்குப் போய்விட்டார். கெர்ட்ரூட் ஃபொன் லெ ஃபோர்ட் 1931இல் இதைக் குறுநாவலாக எழுதி, பயந்து நடுங்கும் பிளான்ஷ் என்ற பெண்ணைக் கற்பனையாகச் சேர்த்தார். பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னானோஸ் அதை உரையாடல்களாக எழுதினார். 1948இல் தானே செத்துக்கொண்டிருந்த நேரம் அது. பயத்தைப் பற்றி அதைவிட நேர்மையான எழுத்து எனக்குத் தெரியாது. வாய் திறக்காத பொம்மைகள் வேண்டாம் என்றால் அதை எடுத்து வாசியுங்கள்.

அந்த மடத்தில் மரி என்று ஒரு சகோதரி. கைதானபோது அவர் அங்கே இல்லை, தப்பிவிட்டார். 1836 வரை உயிரோடு இருந்தார். அந்தப் 16 பேரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதி வைத்தது. லெ ஃபோர்ட்டும் பெர்னானோஸும் அவரைக் கத்தி விழுந்த இடத்தோடு விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் 42 ஆண்டுகள் இருக்கின்றன. அவர் எங்கே தங்கினார், யாரோடு சண்டை போட்டார், "நீங்கள் மட்டும் எப்படி?" என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னார் என்று யாராவது எழுதட்டும், நான் முதல் பிரதி வாங்குகிறேன்.